ஐலீன் பல்லில் வைத்தது

சாஆ,
6 மார்ச் 1934

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் ஐலீனும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குமேல் பேனா ஓடவில்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன். எங்கள் ரப்பர் தோட்டத்தில் வெள்ளையம்மா என்று ஒரு பெண் நேற்று இறந்துபோனாள். பல் வலியில் இறந்தாள், அக்கா. இதை எழுதும்போதும் எனக்கே நம்ப முடியவில்லை.

பால்மரம் வெட்டுகிற பெண். காளியம்மாவுக்கு ஒரே மகள். பொங்கல் கழிந்த வாரம் அத்தான் இங்கே வந்து, பள்ளிக்கூடக் கொட்டகையில் நாற்காலி போட்டுச் சொத்தைப் பற்களை அடைத்துக் கொடுத்தார் அல்லவா? அன்றைக்கு அடைத்துக்கொண்டவர்களில் அவளும் ஒருத்தி. கீழ்வரிசைக் கடைவாய்ப் பல். பிடுங்காமலே பல்லைக் காப்பாற்றலாம் என்றதும் லயத்து வீடுகளெல்லாம் திரண்டு வந்தது உனக்குத் தெரியும். வெள்ளை வெளேரென்று பீங்கான் மாதிரி அடைப்பு. அவள் போகிற வருகிறவர்களிடமெல்லாம் வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தாள்.

போன வாரம் தாடை வீங்கித் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு என்னிடம் வந்தாள். உப்புத் தண்ணீர் ஒத்தடம் கொடுத்தேன். மறுநாள் வீக்கம் கழுத்துக்கு இறங்கிவிட்டது. தொட்டால் கட்டையைத் தொடுவது போல இருந்தது. நாக்கு மேலே தூக்கிக்கொண்டு வாய் மூட முடியவில்லை. தண்ணீர் கேட்டாள். கொடுத்ததை விழுங்க முடியவில்லை. சிகாமட் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லாரி வருவதற்குள் மூச்சு அடைத்துவிட்டது. மருந்து கட்டுகிற இந்த டிரஸர் வேலைக்கு வந்து எத்தனையோ சாவைப் பார்த்திருக்கிறேன். ஒரு பல் ஆளை மூச்சுத் திணறடித்துக் கொல்வதை இதுவரை பார்த்ததில்லை.

பிறகு அவள் வாயைப் பார்த்தேன். அடைத்த இடத்தில் நனைந்த சுண்ணாம்பு மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஊசியால் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. அதற்குக் கீழே சொத்தை அப்படியே கறுப்பாக, சீழோடு.

அத்தான் கைவேலை மேல் எனக்குச் சந்தேகமில்லை. அதே நாளில் ஐலீனுக்கும் அடைத்தார். அது கல்லாட்டம் இருக்கிறது. இவள் வெற்றிலை போட்டதால் கெட்டிருக்குமோ? இப்படியும் நடப்பது உண்டா என்று அத்தானிடம் கேட்டு எழுது.

உன் தம்பி,
தோமஸ்


ஜொகூர் பாரு,
10 மார்ச் 1934

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் உலை கொதித்து வழிவதுகூடத் தெரியாமல் நின்றேன். அந்தப் பெண் ஆத்துமாவுக்காகக் கோயிலில் மெழுகுதிரி ஏற்றினேன்.

அத்தானிடம் சொன்னேன். கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தார். அப்புறம், "நான் அன்னைக்கே படிச்சுப் படிச்சு சொன்னேன், பியா. ஒரு நாளைக்கு வெத்தலை போடாதீங்க, சூடா எதுவும் குடிக்காதீங்கன்னு. கேட்டாங்களா?" என்றார்.

நான் தினமும் எங்கள் பல் வைத்தியக் கடையில் அவர் பக்கத்தில் நின்று மருந்து கலக்கிக் கொடுக்கிறவள், ஆகையால் உனக்கு விளங்கும்படி சொல்கிறேன். பீங்கான் பொடியைத் திராவகத்தில் குழைத்து வைத்ததும் அது இறுகிவிட்டது போலத் தோன்றும், ஆனால் உள்ளே இன்னும் பச்சையாகத்தான் இருக்கும். எச்சில் பட்டால் கரையும், காற்றில் காய்ந்தால் வெடிக்கும். அதனால்தான் மேலே ஒரு வார்னிஷ் பூசுகிறோம். ஒரு நாள் அந்தப் பூச்சு காவல் காத்துவிட்டால் அப்புறம் அடைப்பு கல்லாகிவிடும், பூச்சு போனாலும் கவலையில்லை. அந்த ஒரு நாளில் பாக்குக் கடித்துப் பூச்சைச் சுரண்டிவிட்டால் யார் என்ன செய்ய முடியும்?

அத்தான் மேல் சந்தேகமில்லை என்று எழுதியிருக்கிறாய். சந்தேகமில்லாதவன் செத்த பெண்ணின் வாயை ஏன் ஊசியால் குத்திப் பார்க்கிறாய்? நீ காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் மருந்து போடுகிறவன். பல் வைத்தியம் வேறு. உன்னை மலாக்காவுக்கு அனுப்பி டிரஸர் படிக்க வைத்ததே அவர்தான், அது நினைவிருக்கட்டும். ஊரில் வாயை விட்டு அவர் பேரைக் கெடுத்துவிடாதே.

ஐலீனைக் கேட்டதாகச் சொல்.

பியாட்ரிஸ்


சாஆ,
19 மார்ச் 1934

அக்கா,

நீ கோபப்படுவாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். எழுதாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

வெள்ளையம்மா காரியம் முடிந்த மறுநாள், அத்தானிடம் பல் அடைத்துக்கொண்ட எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன். வெற்றிலைதான் காரணம் என்று நீ சொன்னது மெய்யாக இருக்க வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டே பார்த்தேன். பார்த்த வாயெல்லாம் ஒரே கதை. மினுமினுப்பு எங்கே தேய்ந்ததோ அங்கே உள்ளே சுண்ணாம்புக் கட்டி. இரண்டு பேருக்குத் தாடை வீங்க ஆரம்பித்திருக்கிறது. லெட்சுமணன் என்று, ஆட்களை மேற்பார்க்கிற மண்டோர் ஒருவர் இருக்கிறார், வெற்றிலையைக் கையால் தொடாதவர். அத்தான் சொன்னபடி அன்றைக்கு முழுவதும் பட்டினியே கிடந்தார். அவருடைய அடைப்பும் அப்படித்தான் இருக்கிறது. "என்னா தம்பி, உங்க அத்தான் சொன்னதெல்லாம் கேட்டேனே!" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவருடைய பல்லிலிருந்து கொஞ்சம் சுரண்டி, தண்ணீரில் போட்டு விரலால் தேய்த்தேன். பால் போலக் கரைந்தது. அந்த நொறுங்கல் என் விரலுக்குப் பழக்கமானது. மரத்திலிருந்து விழுந்து கால் முறித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு நான் போடுகிற மாவுக்கட்டுப் பொடி, அக்கா. சத்தியமாக அதேதான்.

வீட்டுக்குப் போய் ஐலீனை ஜன்னல் பக்கத்தில் உட்காரவைத்து அதே ஊசியால் அழுத்திப் பார்த்தேன். ஊசி வழுக்கியது. ஒரு கீறல்கூட விழவில்லை.

ஐலீன் பல்லைக் காட்டித்தான் போன கடிதத்தில் அத்தானுக்காக வாதாடினேன். அதே நாள், அதே நாற்காலி, அதே கை. இவளுக்கு மட்டும் எப்படிக் கல்லாயிற்று? எனக்குத் தோன்றுவதை எழுத மாட்டேன். அத்தானுடைய பெட்டியை அடுக்கிக் கொடுப்பது நீதானே? அதில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்.

தோமஸ்


ஜொகூர் பாரு,
23 மார்ச் 1934

தோமஸ்,

பெட்டியை அடுக்குவது நான்தான். என் கையால்தான் ஒவ்வொரு சீசாவும் நிரப்புகிறேன். அப்படியானால் உன் பழி அவர் மேல் மட்டுமல்ல, கூடப் பிறந்தவள் மேலும்தான். மாவுக்கட்டுப் பொடி எந்தப் பல் வைத்தியர் பெட்டியிலும் இருக்கும். பல்செட்டுக்கு வாயை அச்சு எடுப்பது அதில்தான். தெரியாததைப் பேசாதே.

இனி எனக்குக் கடிதம் போட வேண்டாம். ஐலீன் பல்லை அவரைக் கொண்டே பிடுங்கச் சொல்கிறேன், உனக்கு நிம்மதியாக இருக்கும்.

பியாட்ரிஸ்


ஜொகூர் பாரு,
5 ஏப்ரல் 1934

தம்பி,

போடாதே என்றவள் நானே எழுதுகிறேன். உன்னைத் தவிர இதைச் சொல்ல எனக்கு யாருமில்லை.

பெரிய வெள்ளிக்கிழமைக்கு முன்பு அவர் மூவார் பக்கத்துத் தோட்டங்களைச் சுற்றிவிட்டுத் திரும்பினார். சாப்பிட்டுவிட்டு வெளியே போயிருந்தபோது பெட்டியைத் துடைக்கத் திறந்தேன். உனக்கு எழுதின அந்த வரி, வாயை அச்சு எடுக்க என்று எழுதினேனே, அது தொண்டையில் முள்ளாக நின்றுகொண்டேயிருந்தது. அச்சு எடுக்க வேண்டுமானால் வாய்க்குள் வைக்கிற தகரத் தட்டு வேண்டும். பெட்டியில் அந்தத் தட்டு இல்லை. அது கடை அலமாரியிலேயே இருந்தது. தோட்டத்துக்கு அது போனதே கிடையாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் நான் நிரப்பிக் கொடுத்த மாவுப்பொடிச் சீசா அடிமட்டும் காலி. பீங்கான் பொடி குப்பியில் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. வார்னிஷ் ஒரு சொட்டு இல்லை.

கண்ணாடிப் பலகையை எடுத்துக் கலக்கினேன். மாவோடு கொஞ்சம் பீங்கான் பொடி சேர்த்து ஓர் உருண்டை, சுத்தமான பீங்கானில் ஓர் உருண்டை. இரண்டுக்கும் வார்னிஷ் பூசிக் காயவைத்தேன். தோமஸ், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை! மாவுருண்டைதான் இன்னும் பளபளப்பாக இருந்தது. பூச்சைச் சுரண்டிவிட்டுத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தேன். பீங்கானை அம்மிக்குழவியால் அழுத்தினேன், குழவி நழுவியது. மாவுருண்டை கட்டைவிரலுக்கே தாங்கவில்லை.

அவர் வந்ததும் இரண்டையும் முன்னால் வைத்தேன். மறுப்பார் என்று நினைத்தேன். மறுத்திருந்தால்கூட நான் நம்பியிருப்பேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொல்கிறார்: "இதுக்கா இப்படி மூஞ்சியை வச்சிருக்க? அவங்க வெத்தலையும் புகையிலையும் போட்டு எதை வச்சாலும் கெடுத்துடுவாங்க லா. தோட்டத்துல யாரு இதெல்லாம் பார்க்கப் போறா? ரெண்டு மாசம் பளபளன்னு இருந்தா அவங்களுக்குச் சந்தோசம்."

"ஒரு பொண்ணு செத்துட்டா."

"பல்லு அடைக்காட்டியும் சொத்தை சொத்தைதான். அவ விதி."

"அப்ப ஐலீனுக்கு ஏன் நல்லது வச்சீங்க?"

அவர் என்னை ஏதோ பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். "அவ நம்ம வீட்டுப் பொண்ணு இல்லையா?" என்றார்.

இவருக்குத் தெரியாமல் நடந்துவிட்டது, சரக்கு விற்றவன் ஏமாற்றிவிட்டான், இப்படியெல்லாம் நான் மனத்துக்குள் கட்டிவைத்திருந்த சாக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. நல்லது எது, கெட்டது எது என்று அவருக்கு அத்தனை துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. யாருக்கு எது என்பதுவரை. சொத்தையைச் சுரண்டி எடுக்காமலே மேலே அப்பி மூடினாராம். அதையும் ஒளிக்கவில்லை. "அதுக்கெல்லாம் நேரம் ஆகும்," என்றார்.

அந்தச் சீசாவை நிரப்பின கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். வருகிற வாரம் உலு திராம் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்குப் போகிறார். நான் பெட்டி அடுக்க மாட்டேன் என்றேன். தானே அடுக்கிக்கொண்டார்.

நான் என்ன செய்ய?

பியாட்ரிஸ்


சாஆ,
9 ஏப்ரல் 1934

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை ஐலீனும் படித்தாள். இப்போது அந்தப் பக்கத்துப் பல்லால் அவள் கடிப்பதே இல்லை. லயத்துப் பெண்கள் முன்னால் சிரிப்பதும் இல்லை.

அக்கா, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், நீ எதுவும் செய்துவிடாதே. பெட்டியைப் பார் என்று உன்னைத் தூண்டியவன் நான்தான். அப்போது எனக்கு ஆத்திரம். பின்னால் வருவதை நினைக்கவில்லை. வெளியே தெரிந்தால் அத்தானைச் சிறையில் போடுவார்கள். உனக்கு யார் இருக்கிறார்கள்? கோயிலில் எந்த முகத்தோடு போய் நிற்பாய்?

இங்கேயும் தோட்டத்துத் துரை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். உன் மைத்துனனை உள்ளே விட்டவன் நீ, இது வெளியே போனால் முதலில் போவது உன் வேலை என்றார். சாவுக்குக் காரணம் காய்ச்சல் என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

நேற்றுக் காளியம்மா ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தாள். "பல்லு வலியில மனுசர் சாவாங்களா, தம்பி?" என்று கேட்டாள். "காய்ச்சல்மா," என்றேன். "ஓ, காய்ச்சலா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கும் முன்பல்லில் அத்தான் அடைத்த அடைப்பு இருக்கிறது.

அத்தானிடம் நயமாகப் பேசி, இனிமேல் இப்படிச் செய்யாமல் பார்த்துக்கொள். அது போதும். மற்றதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

தோமஸ்


ஜொகூர் பாரு,
17 ஏப்ரல் 1934

தம்பி,

உன் கடிதம் கிடைத்தபோது அவர் உலு திராமுக்குப் போய்விட்டிருந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டே பஸ் ஏறினேன். வழியில் மறுபடி படித்தேன். காளியம்மா "ஓ, காய்ச்சலா" என்று திரும்பிப் போன இடம் வந்ததும் மடித்துப் பையில் வைத்துவிட்டேன். கூடவே ஒரு ஜாடியில், அதே மாதிரி மறுபடி கலக்கிச் செய்த இரண்டு உருண்டைகளும் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன.

அந்தத் தோட்டத்திலும் ஒரு பள்ளிக்கூடக் கொட்டகைதான். வெளியே வரிசை. ஒருவரையொருவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலியில் ராஜம்மா என்று ஒரு பெண், வாய் நிறையப் பஞ்சு. அவர் தூரிகையை வார்னிஷில் தோய்த்துக்கொண்டிருந்தார். கையிலே நடுக்கம் இல்லை. எவ்வளவு அழகாகப் பூசுவார் தெரியுமா? அந்தக் கையைப் பார்த்துத்தான் இத்தனை வருஷம் பெருமைப்பட்டேன்.

"அம்மா, எந்திரிங்க. அதைத் துப்பிடுங்க," என்றேன்.

வரிசையில் இருந்த ஒருவர், "யாரும்மா நீ?" என்றார்.

"இவரோட சம்சாரம். இவர்கிட்ட யாரும் பல்லு அடைக்காதீங்க. இது பல்லுக்கு வைக்கிற சாமானே இல்ல. கால் முறிஞ்சா போடுற மாவு."

உன் அத்தான் சிரித்தார், தோமஸ். "அலமாக், வெயில்ல பஸ்ஸுல வந்திருக்கா, தலை சுத்துது போல. யாராச்சும் கொஞ்சம் தண்ணி குடுங்க," என்றார். ஒரு கிழவர் நிஜமாகவே குவளையை எடுக்கப் போனார்.

நான் ஜாடியைத் திறந்து உருண்டைகளை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். "இது டவுன்ல இருக்கறவங்க வாயில வைக்கிறது. இது உங்க வாயில வைக்கிறது. அழுத்திப் பாருங்க." யாரும் தொடவில்லை. ராஜம்மாதான் நாற்காலியிலிருந்து இறங்கி வந்தாள். இரண்டையும் அழுத்தினாள். ஒன்று அவள் விரலில் சேறாகிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வாய்க்குள் விரலை விட்டு, இன்னும் இறுகாத அந்த அடைப்பைத் தோண்டி எடுத்தாள். இரத்தம் வந்தது. நகத்திலிருந்ததை அவருடைய வெள்ளைக் கோட்டில் துடைத்துவிட்டு, "எங்க வாயின்னா என்னா, குப்பைத் தொட்டியா?" என்றாள்.

யாரும் அவரை அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும் போலிருக்கிறது. வரிசையில் நின்ற சிலர் தங்கள் கன்னத்தைத் தொட்டுக்கொண்டார்கள். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. இவள் ஏன் இப்படிச் செய்தாள் என்று விளங்காத ஒரு பார்வை. யாருக்காகச் செய்தாள் என்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. பெட்டியை விட்டுவிட்டு ரோட்டுக்கு நடந்தார்.

வீட்டுக்கு வரவில்லை. பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய்விட்டதாகக் கடைத்தெருவில் சொல்கிறார்கள்.

நான் பெட்டியோடு நேரே இங்குள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கிருந்த டாக்டரிடம் எல்லாம் சொன்னேன். சீசா நிரப்பினது நான் என்றும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, "இது உங்க வீட்டுக்காரர்ன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" என்று கேட்டார். உன் பேரைச் சொல்லவில்லை. வெள்ளையம்மா பேரைச் சொன்னேன். சாஆவுக்கு விசாரணைக்கு வருவார்கள். அவர்களிடம் காய்ச்சல் என்று சொல்வாயா, மாட்டாயா, அது உன் பாடு. நான் உன்னைக் கேட்க மாட்டேன்.

பியாட்ரிஸ்


சிகாமட்,
29 ஏப்ரல் 1934

அன்புள்ள அக்கா,

மேலே விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். ஐலீன் அப்பா வீட்டில் இருக்கிறோம்.

விசாரணைக்கு வந்த டாக்டர், துரையையும் காளியம்மாவையும் லெட்சுமணன் மண்டோரையும் ஒன்றாக வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார். காய்ச்சல் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. அதற்குள் ஐலீன், அவளை யாரும் கூப்பிடவேயில்லை, பின்னாலிருந்து முன்னால் வந்து நின்று, "என் வாயைப் பாருங்க டாக்டர். அப்புறம் மண்டோர் வாயைப் பாருங்க. ஒரே நாள்ல அடைச்சது," என்றாள். டாக்டர் ஊசியால் இரண்டையும் தொட்டார். அதன் பிறகு நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காய்ச்சல் என்று எழுதினதையும்.

காளியம்மா அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்குக் கேட்டேனே, தம்பி," என்றாள். அவ்வளவுதான். அக்கா, அந்த ஒரு வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை.

மறுநாளே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

சிங்கப்பூரிலிருந்து ஒரு சீனப் பல் டாக்டரை அழைத்துக்கொண்டு, எல்லாருடைய அடைப்பையும் எடுக்கச் சாஆவுக்கு நீயும் போகப்போவதாகக் கேள்விப்பட்டேன். போகாதே. லயம் கொதித்துப்போய் இருக்கிறது. நானும் இப்போது அங்கே இல்லை. உனக்கு ஒன்று ஆனால் தடுக்க ஆளில்லை.

தோமஸ்


சாஆ,
8 மே 1934

அன்புத் தம்பிக்கும் ஐலீனுக்கும்,

நீ போகாதே என்ற இடத்திலிருந்துதான் எழுதுகிறேன். நீங்கள் இருந்த வீட்டில் இப்போது கணக்கு எழுதுகிற புதுக் கிராணி குடியிருக்கிறார். அவர் மனைவி எனக்குப் படுக்க இடம் கொடுத்தாள்.

அதே கொட்டகையில் அதே மூலையில் டாக்டர் நாற்காலியைப் போடச் சொன்னார். நான் எச்சில் துப்புகிற பேசினை ஏந்திக்கொண்டு நின்றேன். நான் யார் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வந்தார்கள், வாயைத் திறந்தார்கள், என் கையிலிருந்த பேசினில் துப்பினார்கள், போனார்கள். டாக்டர் ஒவ்வொரு அடைப்பையும் எடுக்கும்போது உள்ளே இருப்பதை நான் பார்த்தேன். அழகாக மூடின மூடிக்குக் கீழே அவ்வளவு அழுகல். சில பற்களைக் காப்பாற்ற முடிந்தது. பிடுங்கினவைதான் அதிகம். லெட்சுமணன் மண்டோர் மட்டும் இறங்கிப் போகும்போது, "உங்க தம்பி எப்படி இருக்காரு?" என்று கேட்டார். சிகாமட்டில் இருக்கிறான் என்றேன்.

காளியம்மா எல்லாரும் போனபின் வந்தாள். மெலிந்த உருவம், ரப்பர் பால் வாடை அடிக்கிற சேலை. நாற்காலியில் உட்கார்ந்தாள். டாக்டர் மெதுவாகப் பார்த்துவிட்டு, என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். இந்தப் பல்லைக் காப்பாற்றலாம், சுத்தம் செய்து நல்ல பீங்கான் வைத்துத் தருகிறேன் என்றார். சொன்னேன்.

"வேணாம். புடுங்கச் சொல்லு," என்றாள்.

"அம்மா, இது நல்ல பல்லு. இந்தத் தடவை வைக்கிறது நல்ல சாமான். நானே பார்த்துக் கலக்குறேன்."

என்ன சொன்னேன் என்பது வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் எனக்கே கேட்டது. அவள் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"அன்னைக்கும் நீதான் கலக்குனியா?"

"நான் இங்க வரலம்மா. அந்தத் தூளைச் சீசாவுல நிரப்பிக் குடுத்தது நான். எதுக்குன்னு தெரியாம."

"தெரியாம," என்று சொல்லிக்கொண்டாள். நான் சொன்னதைத் தனக்குள்ளே திருப்பிப் பார்ப்பவள் போல. பிறகு, "என் மக வாயில வச்சது என் வாயிலயும் இருக்கு. சோறு திங்குறப்பல்லாம் நாக்குல தட்டுது. அந்தப் பல்லே எனக்கு வேணாம். புடுங்கச் சொல்லு," என்றாள்.

டாக்டருக்குச் சொன்னேன். அவர் தயங்கினார். அப்புறம் மரப்பு ஊசி போட்டுவிட்டுப் பல் பிடுங்கும் இடுக்கியை எடுத்தார். காளியம்மா, "நீ என் தலையைப் புடிச்சுக்க," என்றாள்.

பேசினைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் நின்று அவள் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஊசி போட்ட பிறகு அவ்வளவு வலித்திருக்காது. ஆனால் அவள் பிடித்த பிடி! பல் வந்த பிறகும் விடவில்லை. சத்தமே இல்லாமல் உடம்பு முழுக்கக் குலுங்கியது. டாக்டர் கைகழுவப் போய்விட்டார். நாங்கள் இருவரும் அப்படியே இருந்தோம். இப்போது எழுதுகிற கையில் அவள் விரல்கள் பதிந்த இடம் கன்றிப்போயிருக்கிறது.

கடைசியில் கையை விட்டாள். துப்பினாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி கேட்டா, தெரியுமா? முழுங்க முடியல அவளுக்கு," என்றாள். நான், "தோமஸ் எழுதியிருந்தான்," என்றேன். தலையை ஆட்டினாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, உன் குடி விளங்காது என்றும் சொல்லவில்லை.

எழுந்து வாசல்வரை போனவள் நின்று, நாளைக்குத் தோட்டத்தின் எந்தப் பகுதி, எந்த டிவிஷன் என்று கேட்டாள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து டிவிஷன் என்றேன். அங்கேயும் என் வீட்டுக்காரர் அடைத்திருக்கிறார். ஆனால் அங்கிருந்து ஒருவரும் இன்று வரவில்லை.

"வர மாட்டாங்க. டாக்டர்னாலே இப்ப பயம். உன்னைப் பார்த்தா கதவைச் சாத்திக்குவாங்க," என்றாள். "நான் வந்து கூப்பிடுறேன். எனக்குத் தொறப்பாங்க."

அவர் போலீசிடம் அகப்பட்டாரா என்று கேட்டிருந்தாய், ஐலீன். இன்னும் இல்லை. அகப்படும் அன்று நான் சாட்சி சொல்லப் போவேன், அதில் மாற்றமில்லை. அதற்குமேல் அவரைப் பற்றி யோசிக்க இப்போது நேரமில்லை. விடிந்ததும் லாரி வரும். காளியம்மா டிரைவர் பக்கத்தில் உட்காருவாள். நானும் டாக்டரும் நாற்காலியோடு பின்னால்.

பியாட்ரிஸ்